அரும்பாவூர் மரச்சிற்பங்கள்: கண்காட்சியும் கலைமரபின் தொடர்ச்சியும்

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் அரும்பாவூர். இவ்வூரிலும் அண்மையிலுள்ள தழுதாழையிலும் மரச்சிற்பத் தொழில் வழிவழியாக நடைபெற்று வருகிறது. 2020ஆம் ஆண்டு தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுடன் அரும்பாவூர் மரச்சிற்பமும் புவிசார் குறியீடு பெற்றது. கோயில் தேருக்கும் வாகனத்திற்கும் கதவிற்கும் உரியதாக வளர்ந்த இக்கலை இன்று கண்காட்சிக் கூடங்களிலும் இடம்பெறுகிறது. இவ்விடமாற்றத்தால் சிற்பம் இழப்பது யாது, கண்காட்சி அவ்விழப்பை ஈடுசெய்யும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மரமும் அளவும்

வாகை, மா, வேம்பு முதலிய மரங்கள் இச்சிற்பங்களுக்குப் பயன்படுகின்றன. ஒரே மரத்துண்டில் முழு உருவத்தையும் செதுக்குவது இம்மரபின் சிறப்பியல்பு. கையையோ கருவியையோ தனியே செய்து ஒட்டுவதில்லை. ஆதலின் மரத்தின் இழையோட்டத்தை அறிந்த பின்னரே சிற்பி உளியைத் தொடுகிறார். உருவத்தின் அளவைச் சிற்பநூல் வகுத்த தாளமானம் நெறிப்படுத்துகிறது. சான்றாக, சிவன், திருமால் ஆகியோரின் திருமேனிகளுக்குரிய உத்தம தசதாளம் உயரத்தை 124 கூறுகளாகப் பகுக்கிறது. நிறைவுற்ற சிற்பத்தில் இக்கோடுகள் மறைந்துவிடுகின்றன. சிற்பியின் அறிவு மிகுதியும் வெளிப்படுவது செய்முறையிலேயே ஆகும்.

தேரிலிருந்து காட்சிமேடைக்கு

தமிழகத் தேரின் நிலையான மரப்பகுதி பல தட்டுகளால் ஆனது. அத்தட்டுகளின் முகப்புகளில் சிற்பங்கள் வரிசையாகப் பொருத்தப்படுகின்றன. மேற்பகுதி விழாக்காலத்தில் மூங்கிலாலும் தேர்ச்சீலையாலும் அமைக்கப்படுகிறது. தேர்ச்சிற்பத்தைத் தெருவில் நிற்போர் அண்ணாந்து, தேர் நகர நகரக் காண்கின்றனர். ஒவ்வொரு சிற்பமும் முன்பின் உள்ளவற்றோடு சேர்ந்தே கதை சொல்கிறது. கண்காட்சி மேடையில் அதே உருவம் கண் மட்டத்தில், அசைவின்றி, தனித்து நிற்கிறது. நுணுக்கத்தைக் கூர்ந்து காண இது வாய்ப்பளிக்கிறது எனினும், சிற்பம் அமைந்த சூழலும் அதன் பயனும் பார்வையாளருக்குப் புலப்படுவதில்லை.

பெயரும் தரமும்

1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒரு பொருளின் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அப்பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்க்கே உரியது. எனவே ஊரின் பெயர் பதிவானதாலேயே அங்குள்ள ஒவ்வொரு சிற்பியும் சட்டப் பாதுகாப்புப் பெற்றுவிட்டார் எனக் கொள்ள இயலாது. மேலும், ஒரே துண்டில் கையால் செதுக்கிய உருவத்தையும் இயந்திரம் குடைந்த உருவத்தையும் வேறுபடுத்தியறியும் பயிற்சி வாங்குவோர்க்கு வேண்டும். அவ்வேறுபாடு அறியப்படாதவிடத்து விலை குறைந்ததே விற்பனையாகும். நாள் பல செலவிட்டு உழைக்கும் சிற்பிக்கு உரிய ஊதியம் கிட்டாது. அந்நிலையில் அடுத்த தலைமுறை உளியேந்த முன்வருதல் அரிது.

கண்காட்சிக்குரிய களம்

பெரம்பலூர் 1995இலும் அரியலூர் 2007இலும் தனி மாவட்டங்களாக அமைந்தன. நிர்வாகத்தால் பிரிந்தாலும் இவை பண்பாட்டால் அண்டை நிலங்களே. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் 2004ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. முதலாம் இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை அங்கு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. 2025ஆம் ஆண்டு சூலை 23 முதல் 27 வரை நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகம் நடத்திய விழாவில் பரதநாட்டியம், திருமுறை ஓதல் ஆகியவற்றுடன் சோழர் காலச் சைவம், கோயிற்கட்டடக்கலை பற்றிய கண்காட்சியும் இடம்பெற்றது. கல்லில் அமைந்த தெய்வ வடிவங்களைக் காண வருவோர், அவ்வடிவங்களை மரத்தில் வடிக்கும் மரபு அண்டை மாவட்டத்தில் வாழ்வதையும் அறிதற்கு இத்தகைய விழா ஏற்ற களமாகும்.

முடிவுரை

நிறைவுற்ற உருவங்களோடு அளவுக்கோடு இட்ட மரத்துண்டு, பாதி செதுக்கிய உருவம், உளி வகைகள், தேர்த்தட்டின் மாதிரி ஆகியவற்றைப் படிநிலையாகக் காட்டுவதும், சிற்பியே முன்னின்று செய்து விளக்குவதும் கண்காட்சியின் நோக்கை விரிவாக்கும். சட்டம் ஊரின் பெயரைக் காக்க வல்லது. வேலைப்பாட்டின் தரத்தை அறியும் கண்ணைப் பயிற்றும் பொறுப்பு கண்காட்சிக்கு உரியது. இவ்விரண்டும் இணைந்து செயற்படும்போதே அரும்பாவூர்க் கலைமரபு தொடர்ச்சி பெறும்.