ஈரான்: ‘தவிர’ என்றொரு சொல்

ஈரானியப் புரட்சி எழுத்தாளனுக்கு என்னத்தைக் கொடுத்தது எண்டு நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 1977 ஒக்டோபரில் தெஹ்ரான் கதே நிறுவகத்தில் பத்து இரவுகள் கவிதை வாசித்து, ஷாவின் தணிக்கையை எதிர்த்தவர்கள் ஈரான் எழுத்தாளர் சங்கத்தினர். அங்கு வாசித்த ஸயீத் சுல்தான்பூருக்கு 1981 ஜூனில் புரட்சி அரசே மரண தண்டனை நிறைவேற்றியது.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை பிரசுரங்களுக்குச் சுதந்திரம் தருகிறது. இஸ்லாத்தின் அடிப்படைகளுக்கோ பொது உரிமைகளுக்கோ பாதகமானவை தவிர. அந்தத் ‘தவிர’வை அளப்பது யார்? நூல் வெளிவருமுன் கலாசார, இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சின் அனுமதி வேண்டும். ஆக, அளப்பவர் உத்தியோகத்தர்தான்.

1998இல் சங்கத்தைச் சேர்ந்த முக்தாரியும் பூயந்தேயும் கொல்லப்பட்டனர். தன் ஆட்களே செய்ததாக உளவு அமைச்சு ஒப்புக்கொண்டது. இதைக் கதைப்பது இஸ்லாத்தை எதிர்ப்பதாகாது. மார்க்கம் வேறு, அதன் பேரில் கத்தரிக்கோல் பிடிப்பவர் வேறு என்பதே என் நிலைப்பாடு.