அலமாரியில் 9 பெட்டி, அக்கவுன்ட்டில் 31,000: ரேஸ் கார் மாடல் கிட் வாங்குறதுக்கு முன்னாடி

போன வீடியோவுல, ஹாபிக்குன்னு மாசச் சம்பளத்துல எவ்வளவு ஒதுக்கலாம்னு பேசினோம். இன்னைக்கு என் சொந்த ஹாபியையே எடுத்துக்கிறேன். ரெசின்ல வர்ற ரேஸ் கார் மாடல் கிட். உங்களுக்குப் பிடிச்சது கேமராவா, சைக்கிளா, ஷூவா இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

சில வருஷம் முன்னாடி அப்பாவுக்கு திடீர்னு நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைக்கணும்னு சொன்னாங்க. இன்சூரன்ஸ் அப்ரூவல் வர்ற வரைக்கும் கட்ட வேண்டிய முன்பணம் ஒரு லட்சம். என் அக்கவுன்ட்ல இருந்தது 31,000. அலமாரியில 9 கிட் பெட்டி, ஒண்ணுகூட கட்டலை. பில் எல்லாத்தையும் கூட்டினா 2,40,000 ரூபாய். பணம் பெரியப்பா அனுப்பினார். அப்பா இப்போ நல்லா இருக்கார். அவர் டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு ராத்திரி அந்த 9 பெட்டியையும் கட்டில்ல பரப்பி, ஒவ்வொண்ணையும் ஏன் வாங்கினேன், ஏன் கட்டலைன்னு ஒரு நோட்டுல எழுதினேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டுல இருந்து வந்ததுதான்.

முதல்ல, ரெசின் கிட் ஏன் இவ்வளவு விலை? சாதாரண பிளாஸ்டிக் கிட்டுக்கு உலோக அச்சு செய்வாங்க. அச்சுக்கு செலவு அதிகம், ஆனா ஆயிரக்கணக்குல அடிச்சுத் தள்ளலாம். ரெசின் அப்படி இல்லை. சிலிக்கான் ரப்பர்ல அச்சு எடுத்து, அதுல திரவ பாலியூரித்தேனை ஊத்தி இறுக விடுறாங்க. சில டஜன் வார்ப்புலயே அந்த ரப்பர் தேஞ்சு கிழிய ஆரம்பிச்சிடும். அதனால கை வேலை அதிகம், எண்ணிக்கை குறைவு. ஒரே ஒரு லெ மான்ஸ் ரேஸ்ல மட்டும் ஓடின காரைக்கூட ரெசின்ல எடுக்க முடியுது. பிளாஸ்டிக் கம்பெனி அதைத் தொடவே தொடாது.

நாம விழுறதும் அங்கேதான். "இப்போ விட்டா இனி கிடைக்காது"ங்கிற பயம். என் 9 பெட்டியில 6 அந்த பயத்துல வாங்கினது.

எந்த ஸ்கேல்?

4.5 மீட்டர் நீளமுள்ள ஒரு காரை எடுத்துக்கோங்க. 1/43-ல அது சுமார் 10.5 செ.மீ. 1/24-ல 19 செ.மீ-க்கு கொஞ்சம் கம்மி. 1/20-ல 22.5 செ.மீ. 1/12-ல 37.5 செ.மீ. (43ங்கிற விசித்திரமான எண் எங்கிருந்து வந்ததுன்னா, ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர்னு பழைய பொம்மை ரயில் அளவுல இருந்து.) நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு, நீளத்தோட வர்க்கமா ஏறும். 1/43-ஐ விட 1/12-ல கிட்டத்தட்ட 13 மடங்கு பரப்பு. பிரைமர், பெயின்ட், கிளியர் கோட், தேய்க்கிற நேரம் எல்லாம் அதே மாதிரி ஏறும்.

அப்போ சின்னதுதான் சுலபமான்னு கேட்டா, அதுவும் இல்லை. 1/43-ல 0.1 மி.மீ தடிமனா பெயின்ட் ஏறினா, நிஜ கார்ல அது 4.3 மி.மீ. கதவு இடைவெளியெல்லாம் மூடிக்கும். ஆனா 1/43-ல பெரும்பாலான கிட்ல இன்ஜின் கிடையாது, வெளித்தோற்றம் மட்டும்தான். நாலஞ்சு வார இறுதியில முடிச்சிடலாம். ஒரு புத்தக அலமாரி தட்டுல பத்து காரை நிறுத்தலாம்.

1/24 கைக்கு அடக்கமா இருக்கும், தப்பை மன்னிக்கும். கொஞ்சம் பிளாஸ்டிக் கிட் கட்டின அனுபவம் இருந்தா நான் இதைத்தான் சொல்லுவேன். 1/20 கிட்டத்தட்ட ஃபார்முலா 1 ஆட்களோட ஸ்கேல். தமியா பல வருஷமா அந்த அளவுல ஃபார்முலா 1 கார் போட்டதால, கூடுதல் டீகால், உதிரி பாகம் எல்லாம் அந்த அளவுலதான் அதிகம்.

1/12 பத்தி சொல்லணும்னா கொஞ்சம் வலிக்கும். என் முதல் பெரிய போனஸ்ல வாங்கினது 1/12 ஃபெராரி 330 பி4. 1967 டேடோனாவுல மூணு ஃபெராரி வரிசையா கோட்டைத் தாண்டின போட்டோவைப் பார்த்தா யாருக்கும் ஆசை வரும். ஷிப்பிங், சுங்க வரி எல்லாம் சேர்த்து 95,000 ஆச்சு. பெட்டியைத் திறந்தா ரெசின் பாடி, நூத்துக்கணக்குல ஒயிட் மெட்டல் பாகம், தகட்டுல அரிச்சு எடுத்த நுண்ணிய பாகங்கள். மூடி வச்சவன் வச்சவன்தான். வாடகை வீட்டுல இருக்கோம். ரெண்டு தடவை வீடு மாத்தினேன். கட்டி முடிச்சு கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தா அது எந்த மினி லாரியில உயிரோட வந்திருக்கும்? சொந்த வீடு, தனி மேசை, வருஷத்துக்கு ஒரே புராஜெக்ட் போதும்ங்கிற பொறுமை, இந்த மூணும் இருக்கிறவங்க தாராளமா வாங்கலாம்.

எந்த கார்?

இதுலதான் நிறைய பேர் பணத்தை விடுறாங்க. பிடிச்ச காரை வாங்குறோம், கட்ட முடியுற காரை வாங்குறதில்லை. மஸ்டா 787பி-யை எடுத்துக்கோங்க. 1991 லெ மான்ஸ் ஜெயிச்ச கார், நம்பர் 55, ஆரஞ்சும் பச்சையும் கட்டம் கட்டமா. பார்க்க அவ்வளவு அழகு. அந்தக் கட்டங்களை வளைவான பாடி மேல டேப் ஒட்டிப் பிரிச்சு பெயின்ட் பண்றதும், டீகால்ல பொருத்துறதும், முதல் கிட்டுலயே செய்யுற வேலை இல்லை. 1950-கள்ல வந்த ஸ்போக் வீல் கார்னா, ஒவ்வொரு சக்கரத்தையும் தகட்டு அடுக்குல கட்டணும். மூடின கூரை கார்னா, மெல்லிய கண்ணாடித் தாள்ல இருந்து ஜன்னலை அளவா வெட்டணும், பசை பட்டா வெள்ளையா பூத்துடும். ஃபார்முலா 1 கார்னா சஸ்பென்ஷன் குச்சிகள், கை தவறினா போச்சு.

இதையெல்லாம் கழிச்சுப் பார்த்தா என் கணக்குல முதல் ரெசின் கிட்டுக்கு நல்ல கார் ஜாகுவார் டி-டைப். ஸ்போக் கிடையாது, தட்டு மாதிரி டன்லப் வீல். திறந்த காக்பிட், கண்ணாடி வேலை கம்மி. பெரும்பாலும் ஒரே நிறம், ஒட்ட வேண்டியது நம்பர் வட்டமும் இன்னும் சிலதும்தான். வரலாறும் குறைஞ்சதில்லை. எக்யூரி எக்கோஸ்ங்கிற ஸ்காட்லாந்து தனியார் டீம், அடர் நீல டி-டைப்ல 1956, 1957 ரெண்டு வருஷமும் லெ மான்ஸ் ஜெயிச்சது. 1957-ல முதல் நாலு இடமும் டி-டைப்தான்.

பழைய, இப்போ வராத கிட்டை செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க டீகால் தாள் போட்டோவை முதல்ல கேளுங்க. பாடி வளைஞ்சிருந்தா வெந்நீர்ல போட்டு நிமிர்த்தலாம், சின்ன ஓட்டைக்கு புட்டி இருக்கு. மஞ்சளாகி வெடிச்ச டீகாலுக்கு மாத்து கிடைக்கலைன்னா கிட்டே வீண். நான் 11,000 கொடுத்து வாங்கின ஒண்ணு, தண்ணியில போட்டதும் துண்டு துண்டா பிரிஞ்சது. வித்தவர் பொய் சொல்லலை. நான் கேட்கலை.

நிஜமான விலை

கிட் விலைன்னு ஸ்கிரீன்ல தெரியுறது பாதிதான். பல கார்டுகள்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 2-ல இருந்து 3.5 சதவீதம் கட்டணம், அதுமேல ஜிஎஸ்டி. அப்புறம் சுங்கம். பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரியை 2020 பட்ஜெட்ல 20-ல இருந்து 60 சதவீதமா ஏத்தினாங்க, 2023-ல 70 ஆச்சு. உங்க பார்சலை எந்தத் தலைப்புல சேர்க்கிறாங்கங்கிறதைப் பொறுத்து தொகை மாறும், அதனால ஆர்டர் போடுற அன்னைக்கு இருக்கிற விகிதத்தைப் பாருங்க. நான் கிட் விலை அளவுக்கு இன்னொரு தொகையைத் தனியா வச்சுட்டுத்தான் ஆர்டர் பட்டனைத் தொடுறேன். மிச்சமானா சந்தோஷம்.

கருவிச் செலவும் உண்டு. பிளாஸ்டிக் கிட் பசை ரெசின்ல ஒட்டாது. சூப்பர் குளூ, எபாக்ஸி வேணும். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தண்ணியில நனைச்சுத் தேய்க்கணும், நல்ல மாஸ்க் போடணும். மாஸ்க்ல மிச்சம் பிடிக்காதீங்க. ஏர்பிரஷ் கம்ப்ரஸர் அவசரமில்லை, ஒரே நிற காருக்கு ஸ்பிரே கேன் போதும். (கம்ப்ரஸர் சத்தத்துக்கு கீழ் வீட்டு ஓனர் மேல வந்த கதையை இன்னொரு வீடியோல சொல்றேன்.)

"பிரிக்காத கிட் விலை ஏறும், அதுவும் முதலீடுதான்"னு ஒரு பேச்சு உண்டு. நானும் அம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன். 9-ல 5 பெட்டியை வித்தேன், ஃபெராரியும் சேர்த்து. வாங்கினது 1,68,000, கைக்கு வந்தது 97,000. அதுக்கே நாலு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரி கவுன்டர் நாலு மாசம் காத்திருக்காது. வந்த பணம் பெரியப்பாவுக்குப் போச்சு, கூட கொஞ்சம் போட்டு ஒரு லட்சமாக் கொடுத்தேன்.

இப்போ மூணு மாசச் செலவு எஃப்டியில இருக்கு. ஹாபிக்கு மாசம் 2,500 தனி ஆர்டி. மேசையில ஒரு கிட், பெட்டியில ஒரு கிட், அவ்வளவுதான். மேசையில இருக்கிறது முடியாம மூணாவது வராது. மிச்சம் இருந்த நாலுல ரெண்டை முடிச்சாச்சு.

எனக்கு நிஜமா வேணும்னா அது 2005 ஜோர்டான் ஈஜே15, மஞ்சள் நிறம், நம்பர் 19. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஓட்டினது. மிஷலின் டயர் டீம்கள் எல்லாம் விலகி ஆறே கார் ஓடின இண்டியானபோலிஸ் ரேஸ்ல நாலாவதா வந்தார், 5 பாயின்ட். ஸ்கூல் யூனிஃபார்மோட டிவி முன்னாடி உட்கார்ந்து அவர் ரேஸைப் பத்தின நியூஸைப் பார்த்த ஞாபகம் இன்னும் இருக்கு. ஆனா அது ஃபார்முலா 1, குச்சி குச்சியா சஸ்பென்ஷன், மஞ்சள் பெயின்ட் வேற, அடியில வெள்ளை பிரைமர் சரியா இல்லைன்னா திட்டுத் திட்டா தெரியும். ஆர்டியில இப்போ 17,500 இருக்கு. மேசையில டி-டைப், ரெண்டாவது கோட் நீலம் காய்ஞ்சுட்டு இருக்கு.