இந்த மேசையைச் செய்தவர் யார்?

1942 பிப்ரவரி 15. புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஒரு மேசை. ஒருபக்கம் ஜப்பானியத் தளபதி யமாஷித்தா. எதிரே பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல். சிங்கப்பூர் சரணடைந்தது. அந்த மேசை இப்போது கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது.

உட்கார்ந்தவர்களின் பெயரை மாணவர்கள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். “சரி, மேசையைச் செஞ்சது யாரு?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே அமைதியாகிவிடும். பழைய மேசை எதுவானாலும், அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழி விளக்கக் கட்டுரைக்கு நல்ல பயிற்சி.

முதலில் மேசையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அறுத்த தடம் வளைவாக இருந்தால் வட்ட ரம்பம். நேர்கோடாக, சீரில்லாமல் இருந்தால் பெரும்பாலும் கைரம்பம். கூர்முனைத் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது. ஆனால் அவசரப்படாதீங்க: பழுது பார்த்தவர் திருகாணியை மாற்றியிருக்கலாம்.

அடுத்து இழுப்பறை. மூலையில் பலகைகள் விரல் கோத்ததுபோல் இணைந்திருக்கும். பற்கள் ஒரே அளவாக இல்லாவிட்டால் அது கைவேலை. பூட்டில் பெயர் இருக்கிறதா? அது பூட்டுச் செய்தவர் பெயர்; தச்சர் பெயர் அல்ல.

உள்ளே கடைச்சீட்டு ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம்தான். ஜான் லிட்டில் (1845), ராபின்சன்ஸ் (1858) போன்ற கடைகளின் விளம்பரங்களைத் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் இணையத்தளத்தில் தேடலாம். விளம்பரத்தின் தேதி மேசையின் காலத்தை நெருங்க உதவும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கடைச்சீட்டு மட்டும் இருந்தால் “ஜான் லிட்டில் விற்ற மேசை” என்று எழுதலாம். “ஜான் லிட்டில் செய்த மேசை” என்று எழுத வேறு சான்று வேண்டும். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லில் உளி பிடித்த தச்சர் காணாமல் போய்விடுகிறார்.

தேர்விலும் இதே கவனம் வேண்டும். கண்ணால் கண்டதற்கு “இருக்கிறது”, சான்றிலிருந்து பெற்றதற்கு “தெரிகிறது”, ஊகத்திற்கு “இருக்கலாம்”. மூன்றையும் கலக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: லிட்டில் இந்தியா, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள செட்டிநாட்டு மரவாசல் முன் நின்று, ஒவ்வொரு வகையிலும் இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். செதுக்கிய கைகளைப் பற்றி ஒரு வாக்கியமாவது வரட்டும்.