‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’: ஆட்ட விதிகளும் சமூக உள்ளடக்கமும்

உருவம், உள்ளடக்கம் என்பன பற்றிய விவாதம் நம்மிடையே நெடுங்காலமாக நடைபெற்று வருவது. நாவல், கூத்து, திரைப்படம் ஆகியவற்றை அவ்விவாதத்துக்கு உட்படுத்திய முற்போக்கு விமரிசனம், வீடியோ விளையாட்டுக்களைப் பெரும்பாலும் சிறுபிள்ளைப் பொழுதுபோக்கென்றோ முதலாளித்துவப் பண்பாட்டின் மயக்கமருந்தென்றோ ஒதுக்கி வந்துள்ளது. இவ்வொதுக்கல் ஆய்வுக்கு உதவாது. கலவானப் பகுதியின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தோர் சிலருக்கேனும் ‘டிவி கேம்’ என்ற பொதுப்பெயரால் அறிமுகமான ஓர் ஆட்டத்தை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். 1981ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் பொதுவுடைமையாளர் சரத் முத்தெட்டுவேகமவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதியாக மட்டும் கலவானவை அறிந்த வாசகர்க்கு இத்தெரிவு விந்தையாகப் படலாம்.

கியோத்தோ நகரில் 1889இல் சீட்டுக்கட்டு தயாரிக்கும் தொழிலகமாகத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் ‘ஃபாமிக்கொம்’ கருவியை 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்டது. அக்கருவிக்கென ஷிகெரு மியாமோத்தோ, தக்காஷி தெசுக்கா ஆகியோர் வடிவமைத்து, தோஷிஹிக்கோ நகாகோ முதலியோர் நிரல் எழுதி, கோஜி கொண்டோ இசையமைத்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985 செப்டெம்பர் 13ஆம் திகதி வெளிவந்தது. நான்கு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. எட்டு உலகங்கள், உலகொன்றுக்கு நான்காக முப்பத்திரண்டு கட்டங்கள். தளம் விட்டுத் தளம் தாவுவதும், குழிகளைக் கடப்பதும், எதிரிகளை மிதிப்பதுமே கதாநாயகனின் தொழில். பொத்தானை அழுத்தும் நேரத்துக்கேற்பத் தாவலின் உயரம் மாறும். திரை வலப்புறமாக மட்டுமே நகரும். கடந்துவிட்ட இடத்துக்கு மீள்வதற்கில்லை.

இவையனைத்தும் 40 கிலோபைட் கொள்ளளவினுள் அடக்கப்பட்டவை. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதனிலும் பன்மடங்கு பெரியது. வானத்து மேகத்தையும் தரையின் புதரையும் ஒரே உருவைக்கொண்டு, நிறத்தை மட்டும் மாற்றி வரைந்தனர். மாரியோவின் தொப்பியும் மீசையும்கூட அழகுணர்ச்சியால் மட்டும் பிறந்தவையல்ல. அவன் முதன்முதலில் தோன்றிய ‘டொங்கி கொங்’ (1981) ஆட்டத்தின் மிகச்சில புள்ளிகளில் தலைமயிரையும் வாயையும் காட்ட இயலாமையால் நேர்ந்தவை. பொருளாயதக் கட்டுப்பாடு கலைவடிவத்தை நிர்ணயிக்கும் முறைமைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1981இல் தச்சனாக இருந்த மாரியோ, 1983இல் நீர்க்குழாய் திருத்துபவனானான். தொழிலாளி கதாநாயகனாகிவிட்டான் என மகிழ நமக்கு இடமில்லை. ஆட்டத்தில் எங்கணும் குழாய்கள் நிற்கின்றன. அவன் ஒன்றையேனும் திருத்துவதில்லை. உழைப்பு உடுப்பாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

இனி நாணயத்துக்கு வருவோம். இக்கட்டுரையின் மையம் இதுவே. வீட்டுக் கருவிகள் பரவுமுன் இத்தகைய ஆட்டங்கள் பொது நிலையங்களில் நாணயம் விழுங்கும் இயந்திரங்களாக இருந்தன. காசு இட்டால் குறித்த எண்ணிக்கையான ‘உயிர்கள்’ கிடைக்கும். அவை தீர்ந்தால் மீண்டும் காசு இடவேண்டும். உயிரைத் தவணை தவணையாக விற்பது அவ்வணிகத்தின் தேவை. கருவி வீட்டுக்குள் வந்தபின் காசு போடும் துளை இல்லை. ஆயினும் உயிர்களின் எண்ணிக்கை நீங்கவில்லை. வெளியேயிருந்த நாணயம் திரைக்குள் இடம்பெயர்ந்தது. நூறு நாணயம் சேர்த்தால் ஓர் உயிர் என்பது விதி. வணிகத் தேவையாயிருந்தது ஆட்டத்தின் இயற்கை நியதியாகத் தோற்றம் கொள்கிறது. கருத்துநிலை தொழிற்படும் முறையும் இதுதானே.

நேரமும் அவ்வாறே. பெரும்பாலான கட்டங்களில் 400 என்றோ 300 என்றோ தொடங்கும் எண் குறைந்துகொண்டே வரும். அதன் அலகு ஒரு விநாடியன்று, அரைவிநாடிக்கும் குறைவானது. ஆகவே 400 என்பது ஏறத்தாழ 160 விநாடியே. நூறுக்குக் கீழ் இறங்கியதும் இசை விரைவுபடும். மிஞ்சிய நேரம் கட்டத்தின் முடிவில் புள்ளிகளாக மாற்றப்படும். விடியலில் பிரட்டுக்குப் போய், குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடில் அரைப்பேர் விழும் உழைப்பொழுங்கை அறிந்தவர்க்கு இக்கடிகாரம் அந்நியமன்று. ஆனால் பேருக்குச் சம்பளமுண்டு. மாரியோவின் புள்ளியால் எதையும் வாங்க முடியாது. ஓர் உயிரைக்கூடத் தராது. மின்சாரம் நின்றால் உச்சப்புள்ளியும் அழிந்துவிடும். அதன் இறுதி இலக்கமோ எப்போதும் பூச்சியம், வெறும் அலங்காரம். பயன்மதிப்பு அறவே நீங்கிய திரட்சியை இத்துணை எளிமையாகக் காட்டிய படைப்பு வேறுண்டோ என ஐயுறுகிறோம்.

கதை பழையது. ஏழு கடல் ஏழு மலை தாண்டி இளவரசியை மீட்கும் நம் நாட்டார் கதைகளைப் போலவே, இங்கும் ஏழு கோட்டைகளில் அவள் இல்லை; எட்டாவதில் இருக்கிறாள். எனினும் அக்கதையின் முன்வரலாறு ஆட்டத்திலன்றி அதனோடு வந்த கைந்நூலிலேயே கூறப்பட்டது. காளான் நாட்டைக் கைப்பற்றிய கூப்பா இனத்தார், தம் மாயத்தால் அந்நாட்டு மக்களைக் கல்லாகவும் செங்கல்லாகவும் செடியாகவும் மாற்றிவிட்டனராம். அவ்வாறாயின் மாரியோ உடைக்கும் செங்கற்கள் யாவர்? மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிக்கிறது என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் விளக்கிய பண்ட வழிபாடு, இங்கு உவமையாகவன்றி நேரடிக் கதைச்செய்தியாகவே வந்துள்ளது. ஆக்கியோர் இதை நினைந்து செய்தனரென நாம் வாதிடவில்லை. படைப்பாளியின் நோக்கத்தை மீறிப் படைப்பு பேசுவதைப் பால்சாக் தொட்டு நாம் கண்டிருக்கிறோம்.

கட்டம் ஒன்றின் கற்பிக்கும் திறனையும் மறைத்தற்கில்லை. எழுத்தில் ஒரு கட்டளையும் இன்றி, இடப்புறம் நிறுத்தி வலப்புறம் வெற்றிடம் காட்டுவதன் மூலம் செல்லும் திசையும், முதல் எதிரியின் வருகையால் தாவும் அவசியமும் உணர்த்தப்படுகின்றன. பெட்டியிலிருந்து வெளிப்படும் காளான் குழாயில் மோதித் திரும்பி ஆடுபவரிடமே வருகிறது. அஞ்சி நின்றவரும் அதனால் வளர்கிறார். எழுத்தறியாத குழந்தையும் ஆடக் கற்றது இவ்வாறே.

தென்னாசியாவின் பல பகுதிகளிலும் இவ்வாட்டம் பரவியது பெரும்பாலும் மூலக்கருவி மூலமன்று. தாய்வானிலும் பின்னர் சீனாவிலும் ஆக்கப்பட்ட மலிவான போலிக் கருவிகள் மூலமே. ஒரே உறையில் இலட்சக்கணக்கான ஆட்டங்கள் என விளம்பரம் இருக்கும். சில ஆட்டங்களே வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். அவற்றோடு கதை கூறும் கைந்நூல் வருவதில்லை. ஆகவே லயத்து அறையில் ஒரு தொலைக்காட்சியின் முன் கூடி, ஓர் உயிருக்கு ஒருவராக முறைவைத்து ஆடிய பிள்ளைகளுக்குச் செங்கல் செங்கல்லாகவே இருந்தது. அவர்களுக்குக் கிட்டியவை விதிகள் மட்டுமே: நாணயம், நேரம், உயிர். இருவருக்கு மேற்பட்டோர் முறைவைத்தல் அவ்விதிகளுள் ஒன்றன்று. அதைப் பிள்ளைகளே ஏற்படுத்திக்கொண்டனர்.