புகை நின்ற பின்னும் தூசி

லண்டன் மாநகரில் பூமிக்கடியில் ஓடும் விக்டோரியா ரயில் மார்க்கம், 1968-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது முதல் மின்சாரத்தைக் கொண்டே பிரயாணிகளைச் சுமந்து வருகிறது. ஆயினும் அதன் நிலைய மேடைகளில் மக்கள் சுவாசிக்கும் காற்றில், மேலே நெரிசல் மிகுந்த வீதிகளில் உள்ளதைவிடப் பன்மடங்கு நுண்துகள் மிதக்கிறது. சக்கரமும் தண்டவாளமும் ஓயாமல் உராய்வதாலும் பிரேக் கட்டைகள் தேய்வதாலும் உதிரும் இரும்புத் தூளே அதில் பெரும்பகுதி.

புகைக்குழாய் இல்லையென்பதால் தூசியும் இல்லையென்று கொள்ளலாகாது. ஆனால் அதை வைத்தே, மின்சாரக் காரும் டீசல் காரும் ஒன்றென்று சாதிப்பது பெரும் பிழை. டீசல் இஞ்சின் கக்கும் புகை புற்றுநோயை விளைவிக்கும் என்று 2012-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. அந்த விஷம் வீதியை விட்டு ஒழிவது சாமானிய லாபமன்று.

பிரேக்கின் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. சாதாரணக் காரில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும், சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டைப் பட்டைகள் இருபுறமும் இறுகப் பற்ற, வண்டியின் வேகம் வெறும் உஷ்ணமாக மாறி வீணாவதோடு, இரும்பும் தாமிரமும் ஆண்டிமனியும் கண்ணுக்குப் புலனாகாத துகள்களாய்ப் பறக்கின்றன. சக்கரத்தைத் தடவினால் விரலில் ஒட்டும் கருந்தூள் அவற்றின் எச்சமே. மின்சாரக் காரிலோ, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணமே மோட்டார் தானே ஜெனரேட்டராக மாறி, அந்த வேகத்தை மின்சக்தியாக்கிப் பாட்டரிக்குத் திருப்பித் தந்துவிடுவதால், பிரேக்குக்கு வேலை அபூர்வமாகிறது. உபயோகமின்றி இருக்கும் தட்டுகள் துருப்பிடிக்கும் அல்லவா? அதனால் வோக்ஸ்வாகன் கம்பெனி தன் ஐ.டி.3 காரின் பின்சக்கரங்களுக்கு, மூடிய கூட்டுக்குள் இயங்கும் பழைய பாணி டிரம் பிரேக்குகளையே பொருத்தியது. தூசியில் பெரும்பகுதி உள்ளேயே அடைபடுவது அதில் கூடுதல் அனுகூலம்.

எஞ்சி நிற்பது டயர். பாட்டரி மட்டுமே சில நூறு கிலோ கனப்பதால், டயரும் சாலையும் கூடுதலாகத் தேய்கின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2020-இல் கணித்தபடி, இலேசான மின்சாரக் கார் புகையல்லாத வழிகளில் வெளியிடும் நுண்துகள் சாதாரணக் காரைவிட 11 முதல் 13 சதவீதம் குறைவு. நெடுந்தூரம் ஓடவென்று பெரும் பாட்டரி சுமக்கும் காரிலோ 3 முதல் 8 சதவீதம் அதிகம். ஆகவே குறை கூற வேண்டுமானால் எடையையே கூற வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய யூரோ 7 விதிகள் பிரேக் தூசிக்கு முதன்முறையாக வரம்பு கட்டி, சாதாரணக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமும், மின்சாரக் காருக்கு 3 மில்லிகிராமும் அனுமதிக்கின்றன. எடைக்கு அவற்றில் வரம்பில்லை. பாரிஸ் நகரசபையோ அதே ஆண்டு அக்டோபர் முதல், வெளியிலிருந்து வரும் கார் 1.6 டன்னோ அதற்கு மேலோ இருந்தால் வீதியில் நிறுத்தும் கட்டணத்தை மும்மடங்காக்கியது. மின்சாரக் காருக்கு 2 டன் வரை சலுகை காட்டியதேயன்றி, அதையும் விட்டுவைக்கவில்லை.