அப்டேட் மட்டும் போதுமா?

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உபுண்டு இயங்குதளம் உள்ளது. மாதந்தோறும் 'ஆப்ட் அப்டேட்' கட்டளையைக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு வேலை முடிந்தது என்றே இருந்தேன். ஒருநாள் மாணவி ஒருத்தி, "டீச்சர், 43 தொகுப்புகளை மேம்படுத்தலாம்னு இன்னும் காட்டுதே?" என்றாள். அப்போதுதான் தவறு புரிந்தது. அக்கட்டளை புதிய பதிப்புகளின் பட்டியலை மட்டுமே கொண்டுவரும். அவற்றை நிறுவுவது 'ஆப்ட் அப்கிரேட்'.

இந்தத் தாமதம் ஏன் ஆபத்தானது? ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2012 முதல் இருந்த 'ஹார்ட்பிளீட்' என்னும் குறை 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்தது. சர்வரின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்கள்கூடக் கசிய அது வழிவிட்டது. அன்றே திருத்தமும் வந்தது. கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம். ஆகவே, திருத்தம் வெளியானதும் குறை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். திருத்தத்தை நிறுவாத கணினிக்கு அன்றுமுதல் ஆபத்து கூடுகிறது.

ஆய்வகத்தில் கவனிக்க வேண்டியவை:

1. இரு கட்டளைகளையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும்.
2. கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதுவரை பழைய கெர்னலே இயங்கும்.
3. அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்தே மென்பொருளை நிறுவ வேண்டும். அங்கிருந்து வருபவற்றின் மின்கையொப்பத்தைக் கணினியே சரிபார்க்கும்.
4. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குப் பொதுவாக 5 ஆண்டுகளே பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பதிப்பின் ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் மாதம் இரு மாணவர்கள் இப்பணியைச் செய்து, தேதியுடன் பதிவேட்டில் எழுதுகிறார்கள். முதல் பெயர், கேள்வி கேட்ட அந்த மாணவியுடையது.