கூப்பன் விருந்து

கல்யாணத்துக்கும் பிறந்த நாளுக்கும் பாத்திரமோ பணமுடிப்போ கொடுத்துவந்த நம்மவர்கள், சமீப காலமாகப் பெரிய ஹோட்டல்களின் விருந்துக் கூப்பன்களைப் பரிசளிக்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். கொடுப்பவருக்கு அலைச்சல் இல்லை. பெறுபவருக்கோ, கைக்காசைச் செலவழித்து ஒருநாளும் நுழையத் துணியாத இடத்தில் கௌரவமாக அமர்ந்து போஜனம் செய்யும் சந்தர்ப்பம். ஆயினும் அப்படிச் சென்று வந்தவர்களில் பலர் அதிருப்தியோடு திரும்புவதற்குக் காரணம் சமையலறையில் மட்டும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வழக்கமாக ஹோட்டலில் முதலில் சாப்பிடுகிறோம். பிறகுதான் பணம் கொடுக்கிறோம். வாடிக்கைக்காரருடைய அதிகாரம் முழுவதும் இந்த வரிசைக் கிரமத்தில்தான் அடங்கியிருக்கிறது. கூப்பனிலோ, பணம் எப்போதோ முதலாளியின் பெட்டிக்குள் போய்விட்டபடியால், உண்ண வருகிறவர் அவருக்கு வரவு அல்லர், தீர்க்கவேண்டிய பாக்கி. கணக்குப் புத்தகத்திலும் கூப்பன் விற்ற தொகை, அது உபயோகமாகும் வரையில், கடன்பொறுப்பாகவே எழுதப்படுகிறது. பரிசு பெற்றவர் கூப்பனை அலமாரியில் வைத்து மறந்துவிட்டாலோ, அந்தத் தொகை ஒரு பிடி அரிசியும் செலவாகாமல் லாபத்தில் சேர்ந்துவிடும்.

ஆகையால்தான் காலக்கெடு முக்கியமாகிறது. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பரிசு அட்டைகளில் உள்ள பணம் ஐந்து வருஷத்துக்குள் காலாவதியாகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் குறைந்தபட்சம் மூன்று வருஷம். நம் தேசத்தில் ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்ட விதிகள், பல கடைகளில் செல்லும் பரிசு அட்டைகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் உச்சவரம்பும் ஒரு வருஷக் குறைந்தபட்ச ஆயுளும் நிர்ணயித்திருக்கின்றன. ஆனால் ஒரு ஹோட்டல் தன்னிடத்தில் மட்டுமே செல்லும்படி அச்சிட்டுக் கொடுக்கும் கூப்பன் அந்த விதிகளுக்குள் வருவதில்லை. அதன் ஆயுளை எழுதுகிற பிரம்மா ஹோட்டல்காரரேதான்.

நண்பர் ஒருவர் அன்போடு அளித்த அத்தகைய கூப்பனோடு நானும் என் மனைவியும் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். சர்வர் அதைப் பார்த்த மாத்திரத்தில், கையில் இருந்த பெரிய மெனுவை எடுத்துக்கொண்டு, "கூப்பனுக்கு இதுதான் சார்" என்று ஒற்றைத் தாளொன்றை வைத்தார். சனி ஞாயிறு செல்லாது, மீதித் தொகை திரும்பக் கிடையாது என்ற நிபந்தனைகளெல்லாம் கூப்பனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது வாஸ்தவம். இந்தத் தாளைப் பற்றி மட்டும் அங்கே பிரஸ்தாபமே இல்லை. நெடுநேரம் கழித்து வந்த ரொட்டி விறைத்திருந்தது. பக்கத்து மேஜைக்காரர் அதே ரொட்டியைத் திருப்பி அனுப்பிச் சுடச்சுட வேறு வாங்கிக்கொண்டார். இலவசமாகச் சாப்பிடுகிறவர்களுக்குரிய சங்கோசத்தினால் நாங்கள் வாய் திறக்கவில்லை. யாரோ முழு விலை கொடுத்துத்தானே வாங்கியிருக்கிறார் என்பது அந்த நேரத்தில் தோன்றுவதே இல்லை.

கடைசியில் வந்த பில்லில், கூப்பனுக்குள் அடங்காதவையென்று ஜி.எஸ்.டி.யும் பத்து சதவீத சேவைக் கட்டணமும் இருந்தன. முன்னது சர்க்கார் வரி. அதில் பேச இடமில்லை. பின்னதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டதும், டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை ஊர்ஜிதம் செய்ததும் பலருக்குத் தெரிவதில்லை. 1915 என்ற எண்ணில் புகாரும் செய்யலாம். என் மனைவி அந்த எண்ணைச் சொன்னதுதான் தாமதம், மேனேஜர் பில்லை வாங்கிச் சென்று, சேவைக் கட்டணம் இல்லாத வேறொரு பில்லோடு வந்தார். கூப்பன் மெனுவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும், அது "மேலிடத்து பாலிசி" என்றார்.